தளி முதல் கிருஷ்ணகிரி வரை: 1801-இல் புக்கானன் இறங்கி வந்த வழியில் சைக்கிள்

தளிச்சக்கரம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக மனதில் கிடந்த பயணத்தை இந்த ஆனியில் முடித்துவிட்டேன். இதை ஒரு நிலையான சைக்கிள் தடமாக ஆக்க முடியுமா என்று உங்களிடம் கேட்கத்தான் இந்த இழை.

பின்கதையைச் சொல்லிவிடுகிறேன். 1799-இல் திப்பு வீழ்ந்தார், மைசூர் நாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் பிடிக்குள் வந்தது. அந்த நாட்டில் என்ன விளைகிறது, யார் எப்படிப் பயிர் செய்கிறார்கள், என்ன நெய்கிறார்கள், என்ன கொடுத்து வாங்குகிறார்கள் என்று ஊர் ஊராகப் பார்த்து எழுத, பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரை கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி அனுப்பினார். 1800 ஏப்ரலில் சென்னையில் கிளம்பியவர் ஸ்ரீரங்கப்பட்டணம், கோயம்புத்தூர், பாலக்காடு, மலபார், கன்னடக் கடற்கரை என்று சுற்றி, 1801 நடுவில் சென்னை திரும்பினார். 1807-இல் லண்டனில் மூன்று பெரிய தொகுதிகளாக அது அச்சானது. மூன்றாம் தொகுதியின் கடைசிப் பக்கங்களில் நம் ஊர்கள் வருகின்றன: தளி, கெலமங்கலம், ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி. என் ஊர்ப் பெயரை அதில் முதன்முதலாகப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் போன வழி: தளி, தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம், ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி. ஏறக்குறைய 70 கிலோமீட்டர். தேன்கனிக்கோட்டையைச் சேர்த்தது என் வசதிக்காக. பேட்டராய சுவாமி கோயில் பக்கம் டீயும் போண்டாவும் கிடைக்கும், பேருந்தும் உண்டு. இன்றைய தார்ச்சாலை பழைய தடத்தின் மேலேயே அப்படியே போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊர்களின் வரிசையும் நிலத்தின் சரிவும்தான் பழையவை.

அந்தச் சரிவுதான் இந்தப் பயணத்தின் உயிர். தளியில் காலை ஆறு மணிக்குக் காதை மூடிக்கொள்ள வேண்டிய குளிர்காற்று. கிருஷ்ணகிரியில் பகல் பன்னிரண்டுக்கு உப்பு பூத்த சட்டை. நடுவில் நானூறு மீட்டருக்குக் குறையாத இறக்கம். மேலே இருப்பதைப் பாலாகாட் என்றார்கள், கீழே பாராமகால். காரில் ஏசி போட்டுப் போனால் இந்த வாசல் கண்ணில் படாது. சைக்கிளில் உடம்பே சொல்லிவிடும்.

---

ஓசூர்க்காற்று

அண்ணா, படிக்கும்போதே கிளம்பத் தோன்றுகிறது. ஆனால் யானை? தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தனியாக சைக்கிளில் போகலாமா? வீட்டில் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

---

ஜவளகிரிக்காரன்

அதற்கு நான் பதில் சொல்கிறேன், தங்கச்சி. எங்கள் வயல் காட்டை ஒட்டித்தான் இருக்கிறது.

ஐப்பசிக்கு மேல் இந்தப் பயணமே வேண்டாம். ராகி முற்றும் காலத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைகள் கூட்டமாக ஜவளகிரிக்குள் இறங்கும். அங்கிருந்து நொகனூர், சானமாவு, ஊடேதுர்க்கம் என்று நகர்ந்துகொண்டே இருக்கும். மாசி வரைக்கும் இங்கே ராத்திரியில் யாருக்கும் சரியான தூக்கம் கிடையாது. பரண் மேல் உட்கார்ந்து தகரம் தட்டுகிற வீடுகள் இன்றும் உண்டு.

ஆனி, ஆடியில் பயம் குறைவு. ஆனாலும் வெளிச்சம் நன்றாக வந்த பிறகுதான் காட்டோரச் சாலையில் வண்டியை விட வேண்டும். பால் வண்டி போய்விட்டதா என்று பாருங்கள். பால்காரர் போய் வந்துவிட்டார் என்றால் சாலை நிலவரம் அவருக்குத் தெரியும், கேட்டுக்கொள்ளலாம். காதில் பாட்டு மாட்டாதீர்கள். மூங்கில் ஒடியும் சத்தம் கேட்டால் நின்று, திரும்பி வந்த வழியே போங்கள். படம் எடுக்க நிற்காதீர்கள். சைக்கிளில் சத்தம் இல்லை, அதுதான் ஆபத்து. பைக் சத்தம் கேட்டால் யானை ஒதுங்க நேரம் உண்டு, நீங்கள் பக்கத்தில் போகும் வரை அதற்குத் தெரியாது.

தளிச்சக்கரம் தம்பி, கெலமங்கலத்துக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவில் ஊடேதுர்க்கம் காடு வருகிறதே, அதை எழுதவே இல்லை. தடம் போடுகிறவர் இதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

---

தளிச்சக்கரம்

உண்மைதான் அண்ணா, விட்டது தப்பு. அந்தத் துண்டைக் காலை ஒன்பதுக்கு மேல்தான் கடந்தேன். அதையும் உங்கள் பால்வண்டி யோசனையையும் குறிப்பில் சேர்த்துவிட்டேன். கார்த்திகை முதல் மாசி வரை தடம் மூடல் என்று பெரிய எழுத்தில் போடுவேன்.

---

தகடூரான்

பயணம் நன்றாக இருக்கிறது, வாழ்த்துகள். ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது, சொல்லாமல் விட முடியவில்லை.

"புக்கானன் பாதை" என்று பெயர் வைக்கப் போகிறீர்களா? அந்த மனிதர் யாருக்காக வந்தார்? போரில் பிடித்த நாட்டில் எவ்வளவு கறக்கலாம் என்று கணக்கெடுக்க வந்தார். அவர் வருவதற்கு முன்பே இங்கே பாதை இருந்தது. உப்பு ஏற்றிய மாடுகள் போன பாதை, நெய்த துணி போன பாதை, நம் பாட்டன் பூட்டன் கால் தேய்ந்த பாதை. வெள்ளைக்காரர் ஒருமுறை நடந்து புத்தகம் போட்டால் பாதை அவருடையதாகிவிடுமா? அவருடைய மூட்டையைச் சுமந்தவன் பெயர் அந்த மூன்று தொகுதியில் எங்காவது இருக்கிறதா?

அதியமான் ஆண்ட மண் இது. ஊருக்கு ஊர் நடுகல் நிற்கிறது. மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கல் நட்ட ஊர்களின் வழியாகப் போகிறோம். நம் கிருஷ்ணகிரி மாவட்ட மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். இத்தனையும் இருக்க, பாதைக்கு ஒரு கம்பெனி அதிகாரி பெயரா?

---

பழைய வரைபடம்

தகடூரான் சார் கேட்டது நியாயம். அதைக் கோபமாகப் பார்க்காமல் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

இந்தப் பாதையின் மிகக் கனமான நாட்கள் புக்கானன் வந்த 1801 அல்ல, 1799 மார்ச். திப்புவை எதிர்த்து வேலூரிலிருந்து கிளம்பிய கம்பெனி ஜெனரல் ஹாரிஸின் படை ராயக்கோட்டை வழியாகத்தான் மைசூர் எல்லைக்குள் ஏறியது. ஹைதராபாத் நிஜாமின் படையும் கூடவே வந்தது. கெலமங்கலத்தில் எல்லாம் ஒன்றுசேர்ந்து மேலே போயின. பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லெஸ்லி அந்தக் கூட்டத்தில் ஒரு கர்னல். படைக்குத் தானியம் சுமந்து பின்னால் போன பிரிஞ்சாரிகளின் மாடுகள் கணக்கில் அடங்காதவை. மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது.

அதற்கும் முன்னால், 1791 ஜூலையில் ராயக்கோட்டையைக் கம்பெனிப் படை பிடித்தது. அதே வருடம் நவம்பரில் கிருஷ்ணகிரிக் கோட்டையை இரவில் தாக்கிப் பார்த்துத் தோற்றுத் திரும்பினார்கள். அந்தப் பாறையை அண்ணாந்து பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். 1792 உடன்படிக்கையில்தான் பாராமகால் அவர்கள் கைக்குப் போனது.

ஆக, படை ஏறிய வழியில் இரண்டு வருடம் கழித்து ஒரு மருத்துவர் இறங்கி வருகிறார். அந்த வயல்காரர்கள் இரண்டையும் பார்த்தவர்கள். இதைச் சொல்லாமல் வெறும் "பயணி ரசித்த பாதை" என்று பலகை வைத்தால் அது பொய். சொல்லி வைத்தால், ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை சைக்கிளில் போகும்போதே வரலாறு படிக்கும். பெயர் யாருடையது என்பதைவிட எனக்கு அது முக்கியம்.

இன்னொன்று. பாராமகால் என்றால் பன்னிரண்டு கோட்டை என்பார்கள். எந்தப் பன்னிரண்டு என்று கேட்டால் பட்டியலுக்குப் பட்டியல் மாறும். கிருஷ்ணகிரி, ஜெகதேவி, மகாராஜகடை எல்லாம் அடிக்கடி வரும் பெயர்கள். இதற்கே தனி இழை போடலாம்.

---

தளிச்சக்கரம்

தகடூரான் அண்ணா, உங்கள் பதிவை நாலு தடவை படித்தேன். சுமந்தவன் பெயர் பற்றிய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அது வலிக்கத்தான் செய்கிறது.

ஆனால் நான் ஏன் இந்த ஆளின் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்று சொல்கிறேன். அவர் அரண்மனையைப் பற்றி எழுதியது கொஞ்சம், ஏரைப் பற்றி எழுதியது நிறைய. மைசூர் மேட்டுநிலத்தில் ராகியை எப்படி விதைக்கிறார்கள், நடுவில் அவரையும் துவரையும் எப்படி வரிசை விடுகிறார்கள், எத்தனை தடவை உழுகிறார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதினார். ஏர், விதைக்கருவி, களைக்கொத்து எல்லாவற்றையும் படமாகவே போட்டார். நம் பாட்டன்களின் பெயரை எழுதவில்லை, அவர்கள் கை செய்த வேலையை எழுதிவைத்தார். அது வரிக்காக எழுதப்பட்டது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறேன்.

இந்த ஆனியில் தளிக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் நடுவில் ஒரு வயலோரம் நின்றேன். ஒரு பக்கம் ரோஜா வளர்க்கிற பாலிதீன் கூடாரங்கள், வெள்ளையாகக் கண்ணைக் கூசுகிறது. சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு பெரியவர் இரண்டு மாட்டைப் பூட்டிப் புழுதி ஓட்டிக்கொண்டிருந்தார். சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தேன். பாதி கன்னடம், பாதி தமிழ், நடுவில் தெலுங்கு. எங்கள் பக்கம் அப்படித்தான். "ஆறு சால் ராகி, ஒரு சால் அவரை. மழை ராகியை ஏமாற்றினாலும் அவரை ஏமாற்றாது" என்றார். கையில் மண்ணை எடுத்துப் பிடித்துப் பார்த்து, உதிர்த்துவிட்டு, "இன்னும் ஒரு மழை வேண்டும்" என்றார். இருநூறு வருடத்துக்கு முன்னால் அந்த மருத்துவரும் இப்படி ஒரு வரப்பில் நின்று இதையேதான் கேட்டிருப்பார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அவருக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவர் கேட்டபோது பதில் சொல்கிறவன் மனதில் பயம் இருந்திருக்கும். என்னிடம் அந்தப் பெரியவர் பயப்படவில்லை. போகும்போது சொம்பு நிறைய மோர் கொடுத்தார்.

---

ஏரிக்கரை

தாவரம் படித்தவன் என்பதால் ஒரு சின்னத் தகவல். இனிப்பில் போடுகிற சாரைப்பருப்பு இருக்கிறதே, அந்த மரத்தின் அறிவியல் பெயர் புக்கனானியா. இந்த மனிதரின் பெயரால் வந்ததுதான். பின்னாளில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கும் பொறுப்பாக இருந்தார். அதனால்தான் அவர் எழுத்தில் மனிதரைவிடச் செடிக்குக் கவனம் கூடுதலாக இருக்கும்.

---

முக்கோணம்

புக்கானனுக்குப் பதிலாக லாம்ப்டன் பாதை போடலாமே? நாட்டையே முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரிய முக்கோண அளவைக்கு அவர்தான் 1802 ஏப்ரல் 10-இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். 1804-இல் பெங்களூரு அருகே இன்னொன்று அளந்தார். நம் மலைகளையும் அந்த வலை தொட்டுத்தான் போயிருக்கிறது. உலக வரலாற்றில் பேசப்படுகிற வேலை அது.

---

பழைய வரைபடம்

முக்கோணம் தம்பி, லாம்ப்டன் மலை உச்சியிலிருந்து மலை உச்சியைப் பார்த்தவர். அவருடைய கோடு காற்றில் போகிறது, சைக்கிள் அதில் போகாது. அவருக்கு மலையேற்றப் பயணம்தான் பொருத்தம்.

சைக்கிளுக்கு இன்னொருவர் உண்டு. 1792-இல் கேப்டன் அலெக்சாண்டர் ரீடுடன் பாராமகாலுக்கு வந்த தாமஸ் மன்றோ. ஏழு வருடம் இங்கே இருந்தார், தருமபுரியிலும் வாழ்ந்தார். கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் நிலத்தை அளந்து வரி முடிவு செய்தார்கள். உழவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை பிறந்த மண் நம்முடையது. இன்றைக்கு நம் கையில் இருக்கிற பட்டாவின் வேர் அங்கே போகிறது. தளிச்சக்கரம் விரும்பினால் இரண்டாம் நாளைக் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம், தருமபுரி என்று போடலாம். ஆனால் தயவுசெய்து நான்குவழிச் சாலையில் சைக்கிளை விடாதீர்கள்.

---

சங்கிலிச்சத்தம்

கடை வைத்துப் பத்து வருடமாகச் சைக்கிள் பழுது பார்க்கிறேன், ஓசூரில். வரலாறு உங்களோடு இருக்கட்டும், நான் வண்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

ஏற்றத்துக்கு எல்லோரும் கியரைப் பார்ப்பார்கள். இந்தப் பாதையில் முக்கியம் பிரேக். ராயக்கோட்டையைத் தாண்டியதும் இறக்கம் விட்டு விட்டு வரும். பிரேக் கட்டையில் வரி தேய்ந்திருந்தால் கிளம்பும் முன்னாலேயே மாற்றிவிடுங்கள். தொடர்ந்து பிடிக்காதீர்கள், பிடித்து விட்டு, பிடித்து விட்டு வாருங்கள். பின் பிரேக்கை முதலில் பிடியுங்கள்.

சாலையோரம் ஒதுங்கி நின்றால் கருவேல முள் ஏறும். டியூப் இரண்டு, ஒட்டு, பம்ப், டயர் கழற்றும் பட்டை இரண்டு. டயர் சாதா 26 இஞ்சோ 700 சியோ எதுவானாலும் அகலம் முப்பத்தைந்து மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். கிரானைட் லாரி ஓடுகிற இடங்களில் தார் பெயர்ந்து ஜல்லி கிடக்கும். அந்த லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள். கல் வெட்டும் குவாரிப் பக்கம் மண் புழுதி செயினில் ஒட்டும், எண்ணெயைக் குறைவாக விடுங்கள்.

முடியாமல் போனால் ராயக்கோட்டையிலேயே நிறுத்திக்கொள்ளலாம். அங்கே ரயில் நிலையம் இருக்கிறது, ஓசூர் - தருமபுரி - சேலம் தடம். கிருஷ்ணகிரி போய்விட்டால் ரயில் கிடையாது.

---

தகடூரான்

கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லை என்பது நம் வயிற்றெரிச்சல். 1905-இல் திருப்பத்தூரிலிருந்து குறுகிய பாதை ரயில் ஓடிய ஊர் அது. இரண்டாம் உலகப் போரின்போது நிறுத்தியது நிறுத்தியதுதான், இன்றுவரை கேட்டுக்கொண்டே இருக்கிறோம். வெள்ளைக்காரர் போட்டதை வெள்ளைக்காரரே பிடுங்கிப்போன கதையும் இந்தத் தடத்தில் வரட்டும்.

---

ஓசூர்க்காற்று

போய் வந்துவிட்டேன்! நானும் தோழியும், போன ஞாயிறு. தளி வரை போகாமல் கெலமங்கலத்திலிருந்து தொடங்கினோம். எழுத நிறைய இருக்கிறது.

முதலில் ஒரு தொல்லை. கிளம்பும் முன்தினம் ஒரு கடையில் பின் சக்கரக் கம்பி சரி செய்யக் கொடுத்தேன். சரியாக இறுக்காமல் கொடுத்திருக்கிறார்கள். ஊடேதுர்க்கம் காட்டோரத்தில் சக்கரம் ஆடத் தொடங்கியது. அந்த இடத்தில் நிற்கக் கூடாது என்று ஜவளகிரி அண்ணன் சொன்னது நெஞ்சில் அடித்துக்கொண்டது. மெதுவாக ஓட்டி, முதல் வீடு தெரியும் வரை நிறுத்தவில்லை. சங்கிலிச்சத்தம் அண்ணா, உங்கள் கடைக்கே வந்திருக்க வேண்டும்.

ராயக்கோட்டையில் தக்காளி மண்டி. சிவப்பும் பச்சையுமாகக் பெட்டி மேல் பெட்டி. ஏலம் சொல்கிறவர் குரல் சாலை வரை கேட்டது. ஒரு அக்கா உடைந்த தக்காளியைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து "எங்கேருந்து கண்ணு?" என்று கேட்டு, இரண்டு தக்காளியைப் புடவையில் துடைத்துக் கொடுத்தார். உப்புகூட இல்லாமல் அப்படியே கடித்தோம். வெயில் சூட்டில் இனிப்பாக இருந்தது.

கோட்டைப் பாறையில் ஏறினோம். பாதி தூரத்துக்கு மேல் மதில் உடைந்த இடத்தில் உட்கார்ந்தால் இரண்டு நாடும் தெரிகிறது. மேற்கே மேடு, ஏறக்குறைய சமமாகப் போகிறது. கிழக்கே நிலம் கீழே விழுந்து, தனித்தனிப் பாறை மலைகளாகப் பரவிக் கிடக்கிறது. அண்ணன் "வாசல்" என்று எழுதியது அங்கேதான் புரிந்தது. அந்த வாசலில் ஏன் கோட்டை கட்டினார்கள், ஏன் மாறி மாறி அடித்துக்கொண்டார்கள் என்பதும் புரிந்தது.

இறக்கம் முழுக்க மாம்பழ வாசனை. கூழ் ஆலைக்குப் போகிற பெங்களூரா மாங்காய் லாரிகள் வரிசையாக. ஒரு தோப்பில் செந்தூரா கிலோ கணக்கில் வாங்கி, தூக்கிக்கொண்டு ஓட்ட முடியாமல் தென்பெண்ணையைத் தாண்டி வருவதற்குள் பாதியைத் தின்றுவிட்டோம். கிருஷ்ணகிரி அணைக்குப் போய்க் கால் நனைத்துவிட்டு, ஊருக்குள் வந்து சையத் பாஷா மலையைக் கீழிருந்தே கும்பிட்டோம். ஏற உடம்பில் தெம்பு இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். வழியில் பெண்களுக்குக் கழிப்பறை ராயக்கோட்டைப் பேருந்து நிலையத்தை விட்டால் சொல்லும்படி இல்லை. தடம் என்று அறிவிக்கும் முன் இதை யோசியுங்கள்.

---

ஜவளகிரிக்காரன்

நிற்காமல் போனாயே, அது போதும் தங்கச்சி.

---

சங்கிலிச்சத்தம்

வண்டியைக் கொண்டு வாம்மா, கம்பியைச் சரி பார்த்துத் தருகிறேன். காசு வேண்டாம்.

---

தளிச்சக்கரம்

ஓசூர்க்காற்று, உங்கள் பதிவைப் படித்த பிறகு என் குறிப்பு வெறும் கிலோமீட்டர் கணக்காகத் தெரிகிறது. கழிப்பறைக்கு வழியில் இருக்கிற பெட்ரோல் பங்குகளையும் பள்ளிகளையும் நேரில் போய்க் கேட்டு எழுதுகிறேன்.

பெயர் விஷயம். தகடூரான் அண்ணாவிடம் தனியாகப் பேசினேன். "புக்கானன் பாதை" என்று வைக்கவில்லை. "பாலாகாட் இறக்கம்" என்று வைக்கலாம் என்பது அவருடைய யோசனை, எனக்கும் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சின்னக் குறிப்பு எழுதுவோம். அதில் 1799 படையும் வரும், 1801 மருத்துவரும் வருவார், அந்த ஊர் நடுகல்லும் வரும், இன்று அங்கே என்ன விளைகிறது என்பதும் வரும். நடுகல் குறிப்புகளைத் தகடூரான் அண்ணா எழுதுவார். போர் பற்றிப் பழைய வரைபடம் சார்.

---

தகடூரான்

எழுதுகிறேன். ஒரே நிபந்தனை: கல் இருக்கிற சரியான இடத்தைப் பொதுவில் போட வேண்டாம். காணாமல் போன கற்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஊர்ப் பெயர் போதும், வருகிறவர்கள் ஊராரிடம் கேட்டுப் பார்க்கட்டும்.

---

தளிச்சக்கரம்

சரி அண்ணா, அப்படியே.

அடுத்த பயணம் வரும் சனிக்கிழமை. காலை ஆறரைக்குத் தேன்கனிக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் கூடுவோம், தளியிலிருந்து வருபவர்களை நானே கூட்டி வருகிறேன். ஏழு மணிக்குக் கெலமங்கலம் கிளம்புகிறோம். ஒன்பதுக்கு முன்னால் ஊடேதுர்க்கத்துக்குள் யாரும் போவதில்லை. ராயக்கோட்டையில் களியும் கீரைக் கடைசலும், ஒரு வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன், தலைக்கு எத்தனை உருண்டை என்று வியாழனுக்குள் சொல்லிவிடுங்கள்.